நாற்காலியைப் பிடித்தவரின் அணிந்துரை

நான் வேலை பார்த்த பதிப்பகத்தில் இனிமேல் கவிதைத் தொகுப்புகளுக்கு அணிந்துரை கிடையாதாம். பின்னட்டையில் இரண்டு வரி, கவிஞரின் படம், அவ்வளவுதான். என் மேஜையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் தொலைபேசியில் சொன்னாள். சொல்லிவிட்டு, "எதுக்கு மேடம் இத்தன வருஷம் அத விடாம வச்சிருந்தீங்க? ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன்" என்றும் கேட்டாள். அடக்கம் பண்ணிவிட்டு வந்து, போனவர் யார் என்று விசாரிப்பது போல இருந்தது. ஆனாலும் கேட்டவரைக்கும் மரியாதை. எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழில் எம்.ஏ. முடித்தேன்; கல்யாணமாகி வேலூரிலிருந்து பெங்களூர் வந்தேன்; சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்த தமிழ்ப் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தேன். ஈய எழுத்துகளை இடவலம் மாற்றிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கற்று முடித்த கையோடு கம்ப்யூட்டர் வந்து அதை மறக்கச் சொன்னது. மறந்தேன். கடைசியில் பதிப்பு மேலாளர் என்று ஒரு பலகை மேஜைமேல் வைத்தார்கள். பார்த்த வேலை என்னவோ அதே வேலைதான்.

எங்கள் முதலாளி பெயர் தணிகாசலம். எல்லாருக்கும் 'ஐயா'. வாழ்க்கையில் ஒருவரிடமும் 'முடியாது' என்று சொல்லாத மனிதர். அதற்குப் பதிலாக 'பாக்கலாம்' என்பார். அதில் மூன்று வகை உண்டு. பேனாவை மூடிக்கொண்டே சொன்னால் நடக்கும். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னால் நடக்காது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு சொன்னால், அந்தப் பிரச்சினை அந்தக் கணத்திலிருந்து என்னுடையது. என் பணிக்காலத்தில் அவர் கண்ணாடி மிகத் தூய்மையாக இருந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால், அணிந்துரை வாங்கும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதிதாக எழுத வருகிறவரை ஊரறிந்த பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து வாசகர் முன் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அணிந்துரை. கேட்கப் போகிறவர் காலையில் போக வேண்டும்; பெரியவர் குளித்திருக்க வேண்டும், வெளியே கிளம்பியிருக்கக் கூடாது. கைப்பிரதியை வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். கட்டுவது நான். அந்த முடிச்சை அவிழ்த்தால் அதே மாதிரி திரும்பப் போட வேறொருவருக்கு வராது. பொருளடக்கத் தாளை மட்டும் கட்டுக்கு வெளியே செருகிவைப்பேன். சில வாரம் கழித்து, 'எழுதிக்கொண்டே இருக்கிறேன்' என்பார். தொடங்கவில்லை என்று பொருள். இன்னும் சில வாரத்தில் அணிந்துரையோடு கட்டு திரும்பி வரும். முடிச்சு நான் போட்டபடியே இருக்கும். அணிந்துரையில் ஏழெட்டுக் கவிதைகளின் தலைப்புகள் மேற்கோள் குறிக்குள் இருக்கும். 'நெஞ்சை அள்ளுகிறது', 'சமூகச் சாடல்', 'இவர் நாளைய நம்பிக்கை' ஆகிய மூன்றும் இருக்கும். எந்தக் கவிதையிலிருந்தும் ஒரு வரி இருக்காது.

இதில் எனக்கு வருத்தம் ஏதும் இருந்ததில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறவர் மந்திரத்துக்குப் பொருள் கேட்பதில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகும். அந்தப் பதினாறு பக்கத்துக்குப் 'பாரம்' என்று பெயர். கவிதைகள் உள்ள பாரங்களை முதலில் அடித்து அடுக்கிவிடுவோம். தலைப்புப் பக்கம், அணிந்துரை, என்னுரை எல்லாம் சேர்ந்த முதல் பாரம் கடைசியில்தான் மெஷினில் ஏறும். பெரியவர் எப்போது எழுதித் தருவார் என்று எவருக்கும் தெரியாது என்பதே காரணம். நான் சொல்லப்போகும் சிக்கல் முழுக்க இந்த வழக்கத்திலிருந்து முளைத்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். யசோதரா என்ற பெண் கைப்பிரதியோடு வந்தாள். பெங்களூரிலேயே, நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, கழற்ற மறந்திருந்தாள். தொகுப்பின் பெயர் 'என் உயரத்தில் சிலர்'. சின்ன வயதில் யாரையெல்லாம் அண்ணாந்து பார்த்தாளோ அவர்களைப் பற்றிய கவிதைகள். ஒரே அடியில் பத்துப் பேரைச் சாய்த்த சினிமாக் கதாநாயகன், பின்னாளில் விமான நிலையத்தில் அவள் முன்னால் வரிசையில் நின்றபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டது. ஏரியில் குதித்துக் குழந்தையைத் தூக்கிவந்த பி.டி. வாத்தியார். ஸ்கூட்டர் ஓட்டும் பக்கத்து வீட்டு அக்கா, கல்யாணத்துக்குப் பிறகு அதே ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனது. யாரையும் அவள் கேலி செய்யவில்லை. அண்ணாந்து பார்த்த கழுத்து வலி மட்டும் கவிதைகளில் இருந்தது. படித்து முடித்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். என் வேலையில் அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

"அணிந்துரை யார்கிட்ட வாங்கறதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். அப்படியே வரட்டும்."

இதை ஐயாவிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். மின்விசிறியைப் பார்த்தார். அந்த வாரமே கட்டைக் கட்டச் சொல்லி, அவரே கவிஞர் அருவிநெஞ்சன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அதே நீலசந்திராக்காரர் என்பது ஒரு காரணம். வெளியீட்டு விழா நடத்தும் தமிழ் மன்றத்துக்கு அவர்தான் தலைவர் என்பது முக்கியமான காரணம்.

அருவிநெஞ்சனைப் பெங்களூர்த் தமிழர் பலருக்குத் தெரியும். ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் எழுத்தர். மாலையில் மேடைக் கவிஞர். குரல் அப்படி. அவர் 'தமிழா' என்றால் கடைசி வரிசையில் தூங்கும் குழந்தை எழுந்து அழும்.

இந்த முறை அணிந்துரை அதிசயமாகச் சீக்கிரம் வந்துவிட்டது. முடிச்சு என் முடிச்சுதான். வழக்கமான மூன்று சொற்றொடர்களும் இருந்தன. நடுவில் ஒரு பத்தி மட்டும் புதிது:

'காவிரியின் பேரால் ஊர் கலங்கிய அந்த டிசம்பரில், என் வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னவர்களிடம், முதலில் என் தலையைக் கழற்று, பிறகு அதைக் கழற்று என்றேன். அன்று சிறுமியாக இருந்து அதைக் கண்ட இந்தத் தங்கை, அந்த வீரத்தையே "பெயர்ப்பலகை" என்னும் கவிதையில் பாடியிருக்கிறார்.'

பேனாவைக் கீழே வைத்தேன். அந்தக் கவிதையை நான் இரண்டு முறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அதில் யாருடைய பெயரும் இல்லை. கலவர நாளில், தெருவே போற்றும் ஒரு பேச்சாளர், அதே தெருவில் இருக்கும் வெல்டரைக் கூப்பிட்டுத் தன் தமிழ்ப் பலகையைக் கழற்றச் சொல்கிறார். வெல்டரின் மகள் வாசலில் நின்று பார்க்கிறாள்.

*நாற்காலியின் காலைப் பிடித்திருந்தது*
*மேடையில் மைக்கைப் பிடிக்கும் அதே கை.*
*அது நடுங்கியதில்*
*மேலே அப்பா ஆடினார்.*

கழற்றிய பலகையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளப் பேச்சாளருக்குப் பயம். வெல்டர் தன் வீட்டுக்கு எடுத்துப்போகிறார். பிறகு பேச்சாளர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. புதிதாக, இன்னும் பெரிதாக ஒன்று செய்து மாட்டிக்கொள்கிறார். பழைய தேக்குப் பலகை வெல்டர் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகிவிடுகிறது.

*பெயர் மேலே இருந்தால் ஊர் படிக்கும்,*
*கீழே இருந்தால் நனையும்.*
*அப்பா நனையவிட்டார்.*

பொருளடக்கத்தில் தலைப்பைப் பார்த்த அருவிநெஞ்சன், பெயர்ப்பலகை என்றால் தன் வீரம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரே புத்தகத்தில் ஒன்பதாம் பக்கம் அவர் தலையைக் கழற்றச் சொல்லுவார். நாற்பத்தோராம் பக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். கவிதைப் பாரங்கள் அத்தனையும் அச்சாகி, மடித்து, கயிறு போட்டு அடுக்கியாகிவிட்டது.

பலகையைக் கழற்றியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தமிழ்ப் பலகை கண்ட இடத்தில் கல் விழுந்த அந்த வாரம் எங்கள் அச்சகப் பலகையையும் சாக்குப் போட்டு மூடினோம். மூடியது எங்கள் மெஷின்மேன் பசவராஜ். "ரெண்டு நாள் மூட்டையா இருக்கட்டும் மேடம், அப்புறம் போர்டா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சந்து முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் கன்னடத்தில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகுட்டிக்காரர்கள் செய்த காரியம் அது. அதற்குப் பிறகு அருவிநெஞ்சன் ஒவ்வொரு மேடையிலும் தலையைக் கழற்றச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே, அதுதான் உறுத்தியது.

சனிக்கிழமை யசோதரா வந்தாள். முதல் பார மெய்ப்பை ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது முறை. காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"இத யாரு மேடம் கேட்டாங்க?"

"ஐயா கேட்டார்."

"அவரு தொறந்துகூடப் பாக்கலியா?"

"அது வழக்கமில்லம்மா."

"பொயட்ரி புக்குக்கு முன்னாடி எழுதறவரு பொயட்ரி படிக்கறது வழக்கமில்லியா?" என்றவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவரு பேரையே நான் போடல மேடம். யாருக்கும் தெரிய வேணாம்னுதான் போடல. இப்ப அவரே ஒம்பதாம் பக்கத்துல வந்து நின்னு, அந்த ஆளு நான்தான்னு கையத் தூக்கறாரு."

அணிந்துரையை எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எடுத்தால் மன்றத் தலைவரை அவமதித்ததாகும். ஏன் என்று அவர் புத்தகத்தைத் திறப்பார். வாழ்நாளில் முதல்முறையாக.

ஐயாவிடம் போனோம். நிதானமாகக் கேட்டார். "அம்மா, ஒட்டுத் தாள் போட்டுடலாமே?" என்றார். அச்சான பாரத்தில் ஒரு தாளை மட்டும் ஓரத்தில் விரல் அகலம் விட்டு வெட்டியெடுத்து, புதிதாக அடித்த தாளை அந்த ஓரத்தில் பசை தடவி ஒட்டுவது. ஒரு நூலில் வாழ்த்துரை தந்தவரின் பட்டத்தை விட்டுவிட்டோம் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறோம். நாற்பத்தோராம் பக்கத்தில் வேறொரு கவிதை ஒட்டினால் முடிந்தது.

"மாட்டேன் சார்" என்றாள் யசோதரா. "அந்தப் பொயமுக்காகத்தான் இந்த புக்கே எழுதினேன்."

"அப்ப ரெண்டும் இருக்கட்டும். யாரும்மா படிக்கப்போறாங்க?" என்றார் ஐயா. முப்பது வருடம் கவிதை நூல் போட்டவரின் அனுபவம் அது, நான் மறுக்கவில்லை. யசோதராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாக்கலாம்" என்று கண்ணாடியைக் கழற்றினார்.

திங்கள்கிழமை காலை அவளுடைய அப்பா ஏழுமலை நேராகப் பதிப்பகத்துக்கு வந்துவிட்டார். லாரி ஷெட்டில் வெல்டர். காக்கிச் சட்டையில் பொறி பட்டு ஓட்டைகள். பின்னாலேயே யசோதரா, லீவு போட்டுவிட்டு. வீட்டில் தொடங்கிய சண்டை பஸ்ஸில் தொடர்ந்து என் மேஜைக்கு வந்திருந்தது.

"அம்மா, அந்த ஒண்ண மட்டும் எடுத்துடுங்க" என்றார் ஏழுமலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவுரு பெரிய மனுஷன். என்னியக் கண்டா தெருவுல நின்னு பேசுவாரு. 'என்னா ஏழுமலை, சாப்ட்டியா'ன்னு கேப்பாரு. ஏரியாவுல வேற யாரு என்னிய அப்டிக் கேக்கறாங்க? இது வந்துச்சுன்னா அவுரு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சுக்குவாரு."

"அவரு மேடையில பொய் சொல்றப்பல்லாம் நீ முன்னாடி ஒக்காந்து தலையாட்டினியேப்பா."

"ஆட்டுனா என்னா? தலை தேஞ்சுபூட்டுதா?"

"எனக்குத் தேஞ்சிடுச்சுப்பா. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் அவரப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டு வருவேன். வீட்ல தண்ணி மொள்ள மூடியத் தூக்கினா அடியில அவரு பேரு. எது நெசம்னு கேட்டா, 'தண்ணிய மொண்டுக்கினு மூடு'ன்னு சொல்லுவ."

ஏழுமலை என்னைப் பார்த்தார். "பாருங்கம்மா. படிக்க வச்சேன். நல்லாத்தான் எழுதிக்கீது. அழுதுட்டேன், இல்லன்னு சொல்லல. ஆனா அவுருக்கு இருக்கறது அந்த ஒரு கதைதாம்மா. அதையும் புடுங்கிக்கினா அந்தாளுக்கு இன்னா இருக்குது?"

எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இதற்கு விதி இல்லை. கவிதை போனால் மகளுக்குப் புத்தகம் இல்லை. இருந்தால் அப்பாவுக்குத் தெருவில் நிற்கும் அந்த நட்பு இல்லை. யசோதரா மேஜையிலிருந்த பாரங்களில் நாற்பத்தோராம் பக்கம் உள்ளதை உருவி எடுத்தாள். பிறகு, "புக்குல வந்து அவரு தெரிஞ்சுக்கக் கூடாது. நானே போய்ப் படிச்சுக் காட்டறேன்" என்றாள். "அதுக்கப்புறம் அவரு என்ன திட்டினாலும் என்னத் திட்டட்டும். நீ வராதப்பா. மேடம், நீங்க வருவீங்களா?"

பதிப்பகத்தின் சார்பில் ஒருவர் போவது முறைதான். அவருடைய கிடங்குக்கு விடுமுறையான ஒரு காலையில் அவளோடு போனேன்.

அருவிநெஞ்சன் வாசலில் புதுப் பலகை பிரம்மாண்டமாக இருந்தது. அவர் குளித்து, திருநீறு பூசி, கிளம்பாமல் இருந்தார். "வருக வருக, என் தமிழ்த் தங்கையே!" என்றார் மேடைக் குரலில். மேடைகளில் வாங்கிய சால்வைகள் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கியிருந்தன. அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அணிந்துரையில் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படலாம், அதற்கு முன் ஒரு கவிதையைக் கேட்டுவிடுங்கள் என்றேன். "பேஷாக!" என்று கண்களை மூடிக்கொண்டார். கவிதை கேட்பதற்கென்று அவர் வைத்திருந்த முகம் அது.

யசோதரா படித்தாள். மேடையில் படிப்பதுபோல இல்லாமல் மெதுவாக, தரையைப் பார்த்துப் படித்தாள். நாற்காலி வந்த இடத்தில் அவர் கண்ணைத் திறந்தார். டிரம் மூடி வந்தபோது சால்வை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தாள். சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது:

"நாற்காலி இல்லம்மா, ஸ்டூலு. நாற்காலி நான் குடுக்கல. பிரம்பு, பிஞ்சிரும்னு சொன்னேன்."

"ராஜம், நீ உள்ள போ" என்றார் அவர்.

"நான் உள்ளதான் கீறேன். சொன்னது சரிதானே?"

நாற்பத்தோராம் பக்கத்துக்குப் பிழைதிருத்தம் போட வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். இத்தனை வருடப் பழக்கம்.

"ஏழுமல சொன்னானா?" என்று கேட்டார் அருவிநெஞ்சன். மேடைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"அப்பா இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல சார். இத எடுக்கச் சொல்லிப் பிரஸ்ல போய் நின்னாரு. நான் பாத்தது சார் இது. உங்க கேட்டாண்டதான் நின்னுட்டிருந்தேன்."

"நீ நின்னத நான் பாக்கலியே."

"நீங்க ஸ்டூலப் பாத்துட்டிருந்தீங்க."

அவர் கையை நீட்டினார். பாரத்தைக் கொடுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே ஒருமுறை படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி அடுத்த கவிதையைப் படித்தார். அதற்கடுத்ததையும். காபி வந்து ஆறியது. என் அனுபவத்தில் ஓர் அணிந்துரையாளர் கைப்பிரதியைப் படித்ததை நேரில் பார்த்தது அன்றுதான்.

"கல்லு வுழுந்துக்கினு இருந்துச்சு, தெருக்கோடியில" என்றார் பாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ராஜத்துக்கு அப்ப ஒடம்பு சரியில்ல. பயந்தேன். பயந்தது தப்பில்லன்னு அப்பவே தெரியும். அப்புறம் ஒரு கூட்டத்துல யாரோ, 'உங்க வீட்டுப் பலகை என்ன ஆச்சு'ன்னாங்க. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். கை தட்டினாங்க. அடுத்த கூட்டத்துல அதையே கேட்டாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அப்டித்தான் நடந்த மாதிரி ஆயிருச்சு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாரம் அச்சாயிருச்சா?"

"இது ஆயிடுச்சு. உங்க அணிந்துரை இருக்கற முதல் பாரம் இன்னும் ஆகல."

"அப்ப என் கையிலதான் இருக்குது."

"ஆமா."

யசோதரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மன்றம், விழா, அவள் அப்பாவின் தெரு எல்லாம் அந்த ஆளின் வாயிலிருந்து வரும் அடுத்த சொல்லில் இருந்தன. அவர் அணிந்துரை மெய்ப்பை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கோடு. பிறகு அதன் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். மேடைக் கவிஞர்கள் அடித்து எழுதி நான் பார்த்ததில்லை.

"இதப் போடுங்க. ஒரு எழுத்து மாத்தக் கூடாது" என்று நீட்டினார்.

'இந்தத் தொகுப்பில் வரும் மனிதர்களில் நானும் ஒருவன். எந்தக் கவிதையில் வருகிறேன் என்பதை வாசகர் தேடிக்கொள்ளட்டும். தேடும் சாக்கில் மற்றக் கவிதைகளையும் படித்துவிடுவார்கள்.'

அவ்வளவுதான். கீழே கையெழுத்து. 'நாளைய நம்பிக்கை' இல்லாத அணிந்துரை ஒன்று என் மேஜைக்கு வந்தது அதுதான் முதல்முறை.

பிறகு நடந்தது நம் வாசகர்களுக்கே உரியது. விழாவில் பேசிய பேராசிரியர் ஒருவர், அணிந்துரையை வாசித்துக் காட்டிவிட்டு, ஏரியில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றிய பி.டி. வாத்தியார் யார் தெரியுமா என்று கேட்டு, மேடையில் இருந்த அருவிநெஞ்சனைக் கைகாட்டினார். அரங்கம் எழுந்து கை தட்டியது. அவருக்கு நீச்சல் தெரியாது. வாயைத் திறந்தார், பொன்னாடை வந்து விழுந்தது, மூடிக்கொண்டார். நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழுமலை மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை தலையாட்டவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். யாருக்கும் தெரியவில்லை, புத்தகமும் வந்துவிட்டது. ஒரு மனிதருக்கு இதைவிடச் சௌகரியமாக ஒரு விஷயம் முடியாது. பழைய கதைக்குப் பதிலாகப் புதிதாக ஓர் ஏரிக்கதைகூடக் கிடைத்திருந்தது. மறுநாள் காலை அருவிநெஞ்சன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், அந்தப் பேராசிரியர் புக்கப் படிச்சிருக்காரா?"

"பொருளடக்கம் படிச்சிருப்பார்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "ரெண்டாம் பதிப்புல தெளிவா ஒரு வரி சேத்துக்கலாமா?"

"ரெண்டாம் பதிப்பு வந்தா சேத்துக்கலாம் ஐயா."

கவிதைத் தொகுப்புக்கு இரண்டாம் பதிப்பு வராது என்பது அவருக்கும் தெரியும். "அதுக்குள்ள நான் செத்துருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மற்றது யசோதரா சொல்லித் தெரிந்தது. அடுத்த ஞாயிறு காலை, தெருக்குழாயில் தண்ணீர் வந்து நீலசந்திரா முழுக்க வாசலில் நிற்கும் நேரத்தில், அருவிநெஞ்சன் அவர்கள் வீட்டுக்கு வந்தாராம். வேட்டி, ஜிப்பா, தோளில் துண்டு, கையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் மூடி. ஏழுமலை பதறி நாற்காலி தேடியிருக்கிறார். "சார், சொல்லி அனுப்பினா நானே கொண்டாந்திருப்பேனே" என்றாராம். அவர் உட்காரவில்லை. குனிந்து பழைய பலகையை டிரம்மிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, பெயர் தெரிகிற பக்கத்தை வெளியே பார்க்க வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறார். பெயிண்ட் பாதி போயிருந்தாலும் படிக்க முடிந்ததாம்.

குடத்தோடு நின்ற ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "இன்னா சார், உங்க பேரு போட்ட பலகை இவுங்க வூட்ல இன்னா பண்ணுது?"

"நான்தாம்மா அன்னிக்குக் கழட்ட வச்சு இங்க குடுத்தேன்" என்றாராம். "ரகளை நாள்ல. பயமா இருந்துச்சு."

"யாருக்குத்தான் இல்ல" என்று அவள் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டாளாம். அந்தத் தெரு இதற்குத் தந்த மதிப்புரை அவ்வளவுதான்.

கோடி வரை போனவர் திரும்பி நின்று, "ஏழுமலை, சாப்ட்டியா?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் இல்லை என்றாராம் ஏழுமலை.

அவர் வாங்கி வந்த மூடி டிரம்முக்குக் கொஞ்சம் பெரிதாம். காற்றடித்தால் நகர்ந்துவிடுகிறதாம். மாற்றி வாங்கிவரலாம் என்று யசோதரா சொன்னதற்கு, அப்பா மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாராம்.